கத்தரி யார் கையில்?

ஒன்றரை மணி நேரம் பேசிய பேராசிரியரின் பேச்சு நாற்பது நிமிட எபிசோடாக வெளிவருகிறது என்றால், மீதி ஐம்பது நிமிடம் வேண்டாம் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார். பல்கலைக்கழகத் துறைகளும் ஆய்வு மையங்களும் நடத்தும் பாட்காஸ்ட்களில் அந்த யாரோ பல நேரம் ஒரு மாணவர்தான். விருந்தினருக்கு மின்னஞ்சல் அனுப்புவதும், அவருடைய புத்தகத்தை முன்கூட்டியே படித்துக் கேள்விகளைத் தயாரிப்பதும், ரெக்கார்டிங்கின்போது ஹெட்போனை மாட்டிக்கொண்டு மின்விசிறிச் சத்தத்தைக் கவனிப்பதும் அவர் வேலை. எடிட்டிங், ஒலி மட்டத்தைச் சீர்செய்தல், எழுத்து வடிவம், அறிமுகக் குறிப்பு, வெளியீடு எல்லாமும் அவர் பொறுப்பே. எபிசோட் முடிந்து இசை மேலெழும்போது அவர் பெயர் ஒருமுறை வரும், அல்லது வராது. இந்த வேலையைப் பற்றி நிறுவனங்கள் பேசும்போது ‘திறன் வளர்ப்பு’, ‘களஅனுபவம்’ என்ற சொற்களே முன்னால் நிற்கின்றன. மைக்கைக் கையாளக் கற்கிறார்கள், குறித்த தேதியில் முடிக்கக் கற்கிறார்கள், நாளை வேலை தேடும்போது காட்ட ஏதாவது இருக்கும் என்கிறார்கள். இவை பொய்யில்லை. ஆனால் இந்தப் பாராட்டு வேலையின் நடுப்பகுதியைத் தொடாமல் ஓரத்தைச் சுற்றி வருகிறது. மாணவத் தயாரிப்பாளர் செய்வது அறிவு சார்ந்த தீர்ப்பு. எது முக்கியம், எது புரியவில்லை, எது சொன்னதையே சொல்வது என்று ஒவ்வொரு நிமிடமும் அவர் முடிவெடுக்கிறார். அந்த வேலையைக் கொடுத்துவிட்டு அதற்குரிய அதிகாரத்தைக் கொடுக்காமல் வைத்திருப்பதுதான் இந்த நடைமுறையின் கோளாறு. அதன் பலமும் அங்கேயேதான் இருக்கிறது என்பது விஷயத்தைச் சிக்கலாக்குகிறது.

ஆசிரியர் பேச, மாணவர் கேட்டுச் சுருக்க, அந்தச் சுருக்கமே பிறகு அறிவாக நிலைபெறுவது புதிதல்ல. நவீன மொழியியலின் மூலநூலாகக் கருதப்படும் சசூரின் ‘பொது மொழியியல் பாடங்க’ளை சசூர் எழுதவில்லை. ஜெனீவாவில் 1907 முதல் 1911 வரை மூன்று தொடர்களாக அவர் நடத்திய வகுப்புகளின் மாணவர் குறிப்புகளை வைத்து, அவர் இறந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1916இல் ஷார்ல் பாலியும் ஆல்பர்ட் செஷெயேயும் அதைக் கட்டினார்கள். இருவரும் அந்த வகுப்புகளில் உட்கார்ந்தவர்கள் இல்லை. குறிப்பெடுத்த மாணவர்களில் ஆல்பர்ட் ரீட்லிங்கரின் பெயர் மட்டும் ஒத்துழைத்தவராகத் தலைப்புப் பக்கத்தில் இடம்பெற்றது. கையெழுத்து மூலங்களை ராபர்ட் கோடெல் 1957இல் ஆராய்ந்தபோது, மொழியை மொழிக்காகவே ஆராய வேண்டும் என்று முழங்கும் நூலின் புகழ்பெற்ற கடைசி வாக்கியத்துக்கு மாணவர் குறிப்புகளில் ஆதாரமில்லை என்று தெரிந்தது. அந்த நூலை அடியொற்றி எழுந்த அரை நூற்றாண்டு கட்டமைப்பியல் விவாதத்தின் ஒரு பகுதி தொகுப்பாளர்களின் வாக்கியத்தின் மேல் நடந்திருக்கிறது. தமிழில் இதற்கு நேர்மாறான ஒரு பழக்கம் இருந்தது. இறையனார் களவியல் என்ற பழைய இலக்கண நூலுக்கு எழுந்த களவியலுரை, தன்னைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுச் சொன்னவர்களை நக்கீரரிலிருந்து முசிறி ஆசிரியர் நீலகண்டனார் வரை பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறது. அந்தப் பட்டியலில் வரலாறு எவ்வளவு, புனைவு எவ்வளவு என்பது வேறு வழக்கு. கேட்டவர் பெயர் இல்லாமல் உரை முழுமையாகாது என்று ஒரு மரபு நினைத்தது என்பதே இங்கே எனக்கு வேண்டியது.

பாட்காஸ்ட் என்ற வடிவமே பல்கலைக்கழக வளாகத்தின் நிழலில் வளர்ந்தது. ஹார்வர்டின் பெர்க்மன் மையத்தில் இருந்த டேவ் வைனரும் வானொலியாளர் கிறிஸ்டஃபர் லைடனும் 2003இல் செய்த ஒலிப்பதிவு முயற்சிகளைத்தான் அதன் தொடக்கங்களில் ஒன்றாகச் சொல்வார்கள். உலகெங்கும் மாணவர்கள் காசில்லாமல் பயன்படுத்தும் ஆடாசிட்டி எடிட்டிங் மென்பொருளும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸோனி என்ற ஆய்வு மாணவர் தன் பேராசிரியர் ரோஜர் டானென்பெர்க்குடன் சேர்ந்து தொடங்கியது. ஆயினும் பல்கலைக்கழகங்கள் முதலில் பாட்காஸ்டைக் கண்ட விதம் வேறு. டியூக் பல்கலைக்கழகம் 2004இல் முதலாண்டு மாணவர்களுக்கெல்லாம் ஐபாட் கொடுத்தது. ஆப்பிள் 2007இல் ஐடியூன்ஸ் யு என்ற கல்வி மேடையைத் தொடங்கியது. அதில் விரிவுரையைப் பதிவுசெய்து அப்படியே ஏற்றுவதே பெரும்பகுதி. மாணவர் அங்கே கேட்பவர் மட்டும். விரிவுரையை விட்டு உரையாடலுக்கும் கதைசொல்லலுக்கும் கல்விப் பாட்காஸ்ட் நகர்ந்த பிறகுதான் தயாரிப்பாளர் தேவைப்பட்டார். ஸ்டான்ஃபோர்டின் கதைசொல்லல் திட்டம் மாணவர்களைக் கொண்டே நிகழ்ச்சி தயாரித்தது. மான்ட்ரியாலின் கன்கார்டியா பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஸ்போக்கன்வெப் என்ற ஆய்வுக் கூட்டமைப்பு, 1966 முதல் 1974 வரை அங்கே நடந்த கவிதை வாசிப்புகளின் பழைய ஸ்பூல் நாடாக்களிலிருந்து பிறந்தது. 2019இலிருந்து அது நடத்தும் பாட்காஸ்டின் எபிசோட்களைத் தயாரிப்பவர்களில் பேராசிரியர்களோடு மாணவர்களும் உண்டு. மாணவர் ஒரு பழைய நாடாவை எடுத்து, அதைப் பற்றி ஓர் எபிசோடை எழுதி, தன் குரலிலேயே சொல்கிறார் என்றால் அங்கே அவர் உதவியாளர் இல்லை, ஆசிரியர். இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவில் எங்கோதான் பெரும்பாலான மாணவத் தயாரிப்பாளர்கள் நிற்கிறார்கள். எங்கே என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை.

முதலில் பலத்தைச் சரியாகப் பார்க்க வேண்டும். ஆங்கிலப் பேச்சு நிமிடத்துக்குச் சுமார் 150 சொல் என்று கொண்டால், தொண்ணூறு நிமிட உரையாடலில் 13,500 சொற்கள். அதில் 6,000ஐ வைத்துக்கொண்டு மீதியை நீக்குகிறார் மாணவர். அந்த 6,000 ஏறக்குறைய ஓர் ஆய்விதழ்க் கட்டுரையின் நீளம். அதைச் செய்ய அவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று நான்கு முறையாவது கேட்டாக வேண்டும். வகுப்பில் யாரும் ஓர் அறிஞரின் வாதத்தை இவ்வளவு நெருக்கமாகக் கேட்பதில்லை. முன்னுரையாக வந்தது எது, சான்று எது, சான்றில்லாமல் கையசைத்துக் கடந்துபோன இடம் எது என்பதெல்லாம் காதுக்குப் பிடிபட்டுவிடும். எழுத்தில் அடிக்குறிப்பின் அடர்த்தியில் ஒளிந்துகொள்ளும் பலவீனம் பேச்சில் ஒளிய முடியாது. மூன்றாவது முறை கேட்கும்போதும் ஒரு விளக்கம் புரியவில்லை என்றால், குறை கேட்பவரிடம் இல்லாமல் போகவும் வாய்ப்புண்டு என்ற எண்ணம் மாணவருக்கு வருகிறது. அந்த எண்ணம் ஆராய்ச்சிக்கு அவசியமானது. பாடத்திட்டம் அதைக் கற்பிப்பதில்லை, பெரும்பாலும் அடக்கத்தைத்தான் கற்பிக்கிறது. இன்னொரு பக்கம், துறையின் வழக்குச் சொற்களில் ஊறாதவர் என்பதால் மாணவர் பொதுக் கேட்பவருக்கு அருகில் இருக்கிறார். ‘இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?’ என்று சக பேராசிரியர் ரெக்கார்டிங்கை நிறுத்திக் கேட்க மாட்டார், கௌரவம் தடுக்கும். மாணவர் கேட்கலாம். கேட்டால் எபிசோட் தேறும்.

ஆபத்தும் இதே வேலையில்தான் கலந்திருக்கிறது. தாது வருடப் பஞ்சத்தின் சாவுக் கணக்கைப் பற்றி ஒரு வரலாற்றாசிரியர் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1876–78இல் இறந்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கு மேல் என்பார். உடனே, எவ்வளவு மேல் என்பதில் ஒப்புதல் இல்லை, சமஸ்தானங்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதைப் பொறுத்தது, கிராமப் பதிவேடுகளை எவ்வளவு நம்பலாம் என்பதைப் பொறுத்தது என்று தயங்கித் தயங்கித் தொடர்வார். இடையில் ‘ஒருவேளை’, ‘அப்படித்தான் தோன்றுகிறது’, ஒரு நீண்ட மௌனம். எடிட்டிங் மேசையில் இவையெல்லாம் களைபோலத் தெரியும். ‘ம்’, ‘ஆ’வை நீக்கும் அதே கை ‘ஒருவேளை’யையும் நீக்கிவிடும். வெளிவரும் எபிசோடில் அறிஞர் உறுதியாக, அழகாக, ஓர் எண்ணைச் சொல்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது. அவர் சொன்னது அது இல்லை. அச்சில் ஒரு பதிப்பாசிரியர் இப்படிச் செய்தால் மூலத்தோடு ஒப்பிட்டுப் பிடித்துவிடலாம். ஒலியில் வெட்டிய இடம் கேட்காமல் இருப்பதே நல்ல எடிட்டிங்கின் அடையாளம் என்பதால், திறமை கூடக் கூடத் திரிபும் மறைந்துகொள்கிறது. சத்தத்துக்கும் தயக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறியும் பயிற்சிதான் மாணவத் தயாரிப்பாளருக்கு முதலில் தேவை. ஒலி மட்டத்தை ஆப்பிள் பரிந்துரைக்கும் அளவுக்குக் கொண்டுவருவதை ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் நடைமுறையில் பயிற்சி வகுப்புகள் மென்பொருளில் தொடங்கி மென்பொருளிலேயே முடிகின்றன.

குரல் விஷயத்திலும் இதே கதைதான். வானொலியாளரும் ஆய்வாளருமான செஞ்சராய் குமன்யிகா 2015இல் எழுதிய ஒரு கட்டுரை அமெரிக்கப் பொது வானொலி உலகில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. தன் ஸ்கிரிப்டை எழுதும்போதே தலைக்குள் ஒலித்தது தன் குரலாக இல்லை, பழக்கப்பட்ட வெள்ளையின அறிவிப்பாளர்களின் குரலாக இருந்தது என்பது அவருடைய கவனிப்பு. ஒரு பேராசிரியருக்கே இந்த நிலை என்றால் இருபது வயது மாணவர் எந்தக் குரலைத் தரம் என்று நினைப்பார்? விருந்தினரின் வட்டார உச்சரிப்பை, மூச்சை, நிறுத்தி நிறுத்திப் பேசும் பழக்கத்தைத் ‘திருத்துவது’ அவருக்குத் தொழில்நுட்பமாகவே தோன்றும். திருநெல்வேலிப் பேச்சையோ யாழ்ப்பாணப் பேச்சையோ மென்மையாக்கி எல்லாருக்கும் ஒரே வேகம் தரும் எடிட்டரை நாம் பாராட்டவும் செய்வோம்.

ஆனாலும் மாணவர்கள் அளவுக்கு மீறி வெட்டுகிறார்கள் என்பது என் முதன்மைக் குற்றச்சாட்டு இல்லை. வெட்ட வேண்டியதை வெட்ட முடிவதில்லை என்பதே அதைவிடப் பெரிது. பட்டமும் பரிந்துரைக் கடிதமும் யார் கையில் இருக்கிறதோ அவருடைய பேச்சையே எடிட் செய்யச் சொல்கிறோம். துறைத்தலைவர் ஒரு நகைச்சுவைத் துணுக்குக்கு நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டால் அதை நீக்க எந்த மாணவருக்குத் துணிவு வரும்? தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் யூடியூப் பக்கங்களைப் பார்த்தால் விடை கிடைக்கும். நல்ல கருத்தரங்க உரைகள் அங்கே ஏராளம். ஆனால் குத்துவிளக்கேற்றுதல், வரவேற்புரை, பொன்னாடை, முதல்வரின் வாழ்த்துரை எல்லாவற்றையும் தாண்டித்தான் உரைக்கு வர வேண்டும். காட்சித் தொடர்பியல் (விஸ்காம்) மாணவர்களுக்கு வெட்டத் தெரியாதா? குறும்படத்தில் ஒரு நொடியை வீணாக்காதவர்கள் அவர்கள். வெட்டக்கூடாத இடம் எது என்பது அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது, பெரும்பாலும் வாய்திறந்து சொல்லாமலே. இந்த அடக்கம் நமக்கு மட்டுமே உரியதும் இல்லை. பிபிசி ரேடியோ 4இல் 1998இலிருந்து வரும் ‘இன் அவர் டைம்’ நிகழ்ச்சி மூன்று அறிஞர்களை உட்காரவைத்துப் பேசவைப்பதில் ஒரு தர அளவுகோலாகவே ஆகிவிட்டது. அதன் பாட்காஸ்ட் வடிவத்தில், ஒலிபரப்பு முடிந்தபின் தொடரும் பேச்சின் கடைசியில், தயாரிப்பாளரின் குரல் உள்ளே நுழைவதைக் கேட்கலாம். டீயா காபியா என்று கேட்கத்தான் நுழைகிறது. தொழில்முறைத் தயாரிப்பாளரின் நிலை இப்படியிருக்க, மாணவரின் நிலையைச் சொல்லவே வேண்டாம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பிபிசி தயாரிப்பாளர் வெட்டினால் அந்த வெட்டு நிற்கும், அவருக்கு மாதச் சம்பளமும் வரும்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு வரும்: துறையை முழுதாக அறியாத ஒருவரிடம் முடிவெடுக்கும் அதிகாரத்தைக் கொடுத்தால் தவறுகள் நேராதா? நேரும். நான் மேலே சொன்ன பஞ்சக் கணக்கே அதற்குச் சாட்சி. ஆனால் இந்த மறுப்பு இரண்டு அதிகாரங்களை ஒன்றாகக் குழப்புகிறது. கருத்துப் பிழையைத் திருத்தும் அதிகாரம் பேசியவரிடம் இருக்க வேண்டும், அதில் விவாதமில்லை. எந்தப் பகுதி எபிசோடில் இருக்க வேண்டும், எந்த வரிசையில் என்பது தனி அதிகாரம், அது தொகுப்பவருடையது. பத்திரிகையில் கட்டுரையாளரும் உதவி ஆசிரியரும் இப்படித்தான் பிரிந்து நிற்கிறார்கள். விருந்தினரிடம் ரெக்கார்டிங்குக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிடலாம்: உங்கள் கூற்று திரிந்திருந்தால் மாற்றுவோம், ஆனால் எந்தப் பகுதி வரும் என்பதை நாங்கள் முடிவு செய்வோம். இதோடு, எதை ஏன் நீக்கினோம் என்று ஒரு பக்கக் குறிப்பை மாணவர் எழுதி, வெட்டாத முழு ஒலிப்பதிவோடு சேர்த்துத் துறையின் காப்பகத்தில் வைக்கச் சொல்லலாம். கூடுதல் வேலைதான். ஆனால் எடிட்டிங்கில் நடக்கும் சிந்தனையை வெளியே காட்டக்கூடிய ஒரே ஆவணம் அதுதான். மதிப்பெண் போடுவதென்றாலும் அதற்குத்தான் போட முடியும். இசைச் சேர்க்கை இனிமையாக இருந்தது என்பதற்கு எந்த அளவுகோலில் மதிப்பெண் போடுவது?

பெயர் விஷயத்துக்கு வருவோம். ஆய்வுக் கட்டுரைகளில் யார் என்ன செய்தார்கள் என்று சொல்ல கிரெடிட் என்ற வகைப்பாட்டைப் பல பதிப்பகங்கள் பயன்படுத்துகின்றன. 2022இல் அது அமெரிக்கத் தர நிர்ணயமாகவும் ஆனது. கருத்துருவாக்கம், நிதி திரட்டல், மென்பொருள், மேற்பார்வை, முதல் வரைவு எழுதுதல் என்று அதில் 14 பங்குகள். காட்சிப்படுத்துதலுக்குக்கூட ஓர் இடம் உண்டு, ஒலிக்கு இல்லை. ஒரு மாணவர் நாற்பது மணி நேரம் செலவிட்டு வடிவமைத்த எபிசோட் இந்தப் பட்டியலின்படி எந்தப் பங்களிப்பும் ஆகாது. இந்தியாவில் ஆசிரியர்களின் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்குமான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளில் மின்-உள்ளடக்கம் உருவாக்குவதற்கு மதிப்பெண் உண்டு. அது ஆசிரியருக்கானது, அதை ஒலிப்பதிவு செய்து தொகுத்த மாணவருக்கு எங்கும் கட்டம் இல்லை. பாட்காஸ்ட் வெறும் விளம்பரமாக இருந்தவரை இது சிறு மனக்குறையாகவே இருந்திருக்கும். இப்போது நிலைமை மாறிவிட்டது. சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தின் ஹன்னா மெக்ரெகர் 2017இல் தொடங்கிய ‘சீக்ரெட் ஃபெமினிஸ்ட் அஜெண்டா’ பாட்காஸ்டை வில்ஃபிரட் லாரியர் பல்கலைக்கழகப் பதிப்பகம் சக அறிஞர் மதிப்பீட்டுக்கு உட்படுத்தி, அந்த மதிப்பீடுகளையும் எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டது. பாட்காஸ்டும் புலமைப் படைப்புதான் என்று ஒப்புக்கொள்ள வைத்த முன்னோடி முயற்சி அது, அதன் பெருமை குறையாதது. ஆனால் ஒப்புக்கொண்ட கணத்திலேயே அடுத்த கேள்வி எழுகிறது: புலமைப் படைப்பு என்றால் அதைத் தொகுத்தவர் யார்? எபிசோட் ஆய்வுப் பட்டியலில் ஏறும்போது ஒருவர் பெயரோடு மட்டும் ஏறினால், மற்றவரின் தீர்ப்பு இலவசமாகக் கைமாறியிருக்கிறது என்று பொருள்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ் திட்டங்களில் வேலை செய்த மாணவர்களும் ஆசிரியர்களும் 2015இல் மாணவ ஒத்துழைப்பாளர்களுக்கான உரிமைச் சாசனம் ஒன்றை எழுதினார்கள். வெறும் இயந்திர வேலையைத் தாண்டிப் பங்களித்த மாணவரின் பெயர் திட்டத்தில் இடம்பெற வேண்டும், முடிந்தவரை கூலி கொடுக்க வேண்டும், பாட மதிப்பீடு மட்டும் கூலி ஆகிவிடாது என்பது அதன் சாரம். இதில் எனக்கு ஓர் இடத்தில் மட்டும் உடன்பாடில்லை. இயந்திர வேலை, சிந்தனை வேலை என்ற பிரிவு ஒலி எடிட்டிங்கில் நிற்காது. ‘ஒருவேளை’யை நீக்குவது எந்த வேலை? விரலுக்கு அது ஒரு சொடுக்கு, வாதத்துக்கு ஓர் அடி. ஆகவே இந்தத் துறையில் எல்லா எடிட்டிங்கையும் சிந்தனை வேலையாகவே கணக்கிட வேண்டியிருக்கிறது.

கூலியைப் பற்றிப் பேசினால், ஆய்வகத்தில் மாணவர்கள் சோதனைக் குழாய் கழுவவில்லையா, எல்லாத் தொழிலிலும் கற்றுக்கொள்பவர் முதலில் சும்மாதானே உழைக்கிறார் என்பார்கள். இந்த வாதத்தை ஒதுக்கித் தள்ள முடியாது; கற்பதற்கும் ஒரு விலை உண்டு. ‘பிளாக் ஸ்வான்’ படத்தில் சம்பளமில்லாமல் வேலை பார்த்த இன்டர்ன்கள் தொடுத்த வழக்கில் 2015இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு கேள்வியை முன்வைத்தது: இந்த ஏற்பாட்டில் முதன்மைப் பயன் யாருக்கு, கற்பவருக்கா, நிறுவனத்துக்கா? லாப நோக்குள்ள நிறுவனங்களை மனத்தில் வைத்த சோதனை அது, பல்கலைக்கழகத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் கேள்வி பயனுள்ளது, நாம் அதைக் காலத்தோடு சேர்த்துக் கேட்டால். முதல் எபிசோடில் மாணவர் எல்லாவற்றையும் கற்கிறார், மேற்பார்வையாளரின் நேரமும் கரைகிறது; பயன் அவருக்கே. மூன்றாவது நான்காவதில் கணக்கு சமனாகிறது. பத்தாவது எபிசோடில் ஏ.சி. இரைச்சலை நீக்கக் கற்றுக்கொள்ள அவருக்கு ஒன்றும் மிச்சமில்லை, துறைக்கோ ஒரு நம்பகமான தயாரிப்பாளர் கிடைத்திருக்கிறார். ஒரே மாணவரை ஒரே வேலையில் இரண்டு பருவம் ‘அனுபவத்துக்காக’ வைத்திருக்கும் ஏற்பாடுகள் இந்த இடத்தில்தான் நேர்மை இழக்கின்றன. ஆய்வகத்தோடு ஒப்பிட்டதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. ஆய்வக மாணவருக்கு அந்த உழைப்பின் முடிவில் ஆய்வேடு என்று சொந்தமாக ஒன்று கிடைக்கிறது. பாட்காஸ்ட் மாணவரின் பத்து எபிசோடும் வேறொருவர் பெயரில் இயங்கும் நிகழ்ச்சிக்குப் போய்ச் சேர்கின்றன. இலவச ஏற்பாடு யாரை உள்ளே விடுகிறது என்பதும் கவனத்துக்குரியது. மாலையில் பகுதிநேர வேலைக்குப் போக வேண்டிய மாணவர் இந்த அனுபவத்தைப் பெற முடியாது. வீட்டில் தனியறையும் நல்ல ஹெட்போனும் உள்ளவர்தான் வருவார். அப்போது பொதுக் கேட்பவரின் பிரதிநிதி என்று நாம் பாராட்டியவர் ஒரு குறுகிய வட்டத்தின் பிரதிநிதியாகிவிடுகிறார்.

இதெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு, செயற்கை நுண்ணறிவு எடிட் செய்துவிடாதா என்பது இப்போதைய கேள்வி. எழுத்தில் ஒரு வாக்கியத்தை அழித்தால் ஒலியிலும் அழியும் கருவிகள் வந்துவிட்டன. தயக்க ஒலிகளை ஒரே அழுத்தலில் துடைத்துவிடலாம். நான் கவலைப்பட்ட திரிபை இவை மிக வேகமாகச் செய்துமுடிக்கும், அவ்வளவே. எழுத்து வடிவம் எடுப்பதிலும் யார் பேச்சு என்பதைப் பொறுத்துத் தரம் மாறுகிறது. ஐந்து பெரிய அமெரிக்க நிறுவனங்களின் குரலறி கருவிகளைச் சோதித்து 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வெள்ளையினத்தவர் பேச்சில் சராசரிச் சொற்பிழை 19 விழுக்காடு, கறுப்பினத்தவர் பேச்சில் 35 விழுக்காடு. கருவிகள் அதற்குப் பின் மேம்பட்டிருக்கின்றன. எனினும் பிழை எங்கே விழும் என்பதை அறிய, பேசியவரையும் பேசுபொருளையும் அறிந்த ஒரு காது வேண்டும். கருவி வந்தால் மாணவரின் சலிப்பூட்டும் வேலை குறையும், தீர்ப்பு வேலை அப்படியே இருக்கும். சொல்லப்போனால் இயந்திர வேலை என்று சொல்லிக் கூலியை மறுக்க இனிமேல் வழியில்லை, ஏனென்றால் அதை இயந்திரமே எடுத்துக்கொண்டுவிட்டது.

மாணவர் படிப்பை முடித்துப் போய்விடுவார் என்பது இந்த ஏற்பாட்டின் இன்னொரு பலவீனம். இதற்குத் தீர்வு எளிது, செய்யத்தான் ஆளில்லை. கடவுச்சொல், மூலக் கோப்புகள், விருந்தினர் ஒப்புதல் படிவங்கள் எல்லாம் ஒரு மாணவரின் மடிக்கணினியில் இருந்தால் அவர் பட்டம் வாங்கும் நாளில் பாட்காஸ்ட் அநாதையாகும். ஐடியூன்ஸ் யுவை 2021 இறுதியில் ஆப்பிள் மூடியபோது, ஒரு நிறுவனத்தின் மேடையை நம்பியிருப்பது காப்பகம் ஆகாது என்று பல்கலைக்கழகங்களுக்கும் தெரிந்திருக்கும். நூலகத்திடம் ஒப்படைக்க வேண்டிய வேலை இது, மாணவரிடம் விடக்கூடாது.

கடைசியாக, இந்தியச் சூழலில் கூடுதல் கனம் பெறும் ஒரு சிக்கல். மத்திய அரசு 2002இல் கல்வி நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி நடத்த அனுமதி கொடுத்தது. அதன்படி 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். தொடங்கியது, நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியாக. அந்த உரிமத்தில் சொந்தமாகச் செய்தியும் நடப்பரசியலும் ஒலிபரப்பத் தடை இருந்தது. பாட்காஸ்டுக்கு அப்படிப்பட்ட உரிமம் எதுவும் தேவையில்லை. சாதி, நிலம், இட ஒதுக்கீடு, தேர்தல் என்று எந்த ஆய்வைப் பற்றியும் பேசலாம். ஆகவே சமூக அறிவியலில் உண்மையிலேயே முக்கியமான எபிசோட்கள் இந்த வடிவத்தில்தான் வர முடியும். ஆனால் வானொலி காற்றில் கரையும். பாட்காஸ்ட் தேடுபொறியில் நிற்கும். பணி உறுதியும் சங்கமும் உள்ள பேராசிரியர் சொன்ன ஒரு கருத்துக்காக, அதைத் தொகுத்தவர் என்று பெயர் போட்ட இருபத்திரண்டு வயது மாணவர் வேலைக்கான நேர்காணலில் பதில் சொல்ல நேரலாம். பெயர் போட வேண்டும் என்று இவ்வளவு நேரம் வாதிட்டது இங்கே முட்டுக்கட்டையில் நிற்பதுபோலத் தோன்றும். வாதத்தை நான் விடவில்லை, ஆனால் பெயரைக் கட்டாயமாக்கவும் கூடாது. தன் பெயர் வரலாமா என்பதை வெளியீட்டுக்கு முன் ஒவ்வொரு எபிசோடுக்கும் தனித்தனியாக மாணவரிடம் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் பொதுவெளியில் பெயர் வராமல், துறையின் பதிவேட்டிலும் சம்பளப் பட்டியலிலும் அவர் கேட்கும்போது தரப்படும் சான்றிதழிலும் மட்டும் அது இருக்க வேண்டும். பின்னாளில் மனம் மாறினால் சேர்த்துக்கொள்ளவும் வழி வைக்க வேண்டும்.